கேள்வி பதில்: பயிற்சிக்குப் போய்வந்த டீச்சரும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையும்

போன மாதம் ஒரு அம்மாவின் கேள்விக்கு, "எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது விஷயம் தெரிந்த டீச்சர், டீச்சருக்குச் சரியான பயிற்சி கொடுக்காமல் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை" என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆசிரியர்களுடையவை, சிலது சூடாகவே இருந்தன. அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நீங்கள் பாட்டுக்குப் பயிற்சி பயிற்சி என்று எழுதிவிட்டீர்கள். நானும் ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். காலையில் டிஸ்லெக்சியா (எழுத்துக் கூட்டிப் படிப்பதில் வரும் குறைபாடு) என்றால் என்ன, மதியம் 21 வகை மாற்றுத்திறன்களின் பட்டியல், நடுவில் டீ, பிஸ்கட், கடைசியில் கையெழுத்து. திரும்பி வந்தால் அதே வகுப்பு, அதே 34 பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் ஒருவன் இன்னும் 'கொடி'யை 'கெடி' என்றுதான் படிக்கிறான். நான் என்ன செய்யட்டும்?
அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அந்த 21 வகைப் பட்டியல் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, செல்போனில் படித்துக்கொள்ளலாம். அதற்காக உங்களை ஒருநாள் வகுப்பை விட்டு வரச்சொல்லியிருக்க வேண்டாம். பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டுத் தகவல் கொடுக்கிறார்கள். கோளாறு அங்கேதான்.

சரி, உங்கள் 'கெடி' பையனிடம் வருவோம். அவன் படித்தது முழுத் தப்பு இல்லை, பாருங்கள். 'கொ' என்ற எழுத்தில் முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். அவன் முதல் இரண்டையும் சரியாகப் பார்த்துவிட்டான், காலை விட்டுவிட்டான். கொம்பு கண்ணுக்கு முதலில் வருகிறது, ஆனால் அதன் ஓசை காதுக்குக் கடைசியில்தான் வருகிறது. நமக்குப் பழகிப்போனதால் இது ஒரு சங்கடமாகவே தெரிவதில்லை. உகர வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், கு, சு, து மூன்றிலும் ஒரே ஓசைதான் சேர்கிறது, ஆனால் மூன்றிலும் மூன்று விதமாக ஒட்டிக்கொள்கிறது. 'ஆ' வரிசை மாதிரி ஒரு கால் போட்டால் முடிந்தது என்று இங்கே சொல்ல முடியாது. தமிழ் படிக்கத் திணறும் பிள்ளை பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான் மாட்டிக்கொண்டு நிற்கும், ஆங்கிலப் பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பயிற்சியில் இது ஒன்றுகூட வராது, அதில் இன்னும் ஆங்கில b, d எழுத்துகளை மாற்றிப் படிக்கும் குழப்பம்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் மனத்தாங்கல்.

ஆகவே முதல் வேலை, அவன் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை. 'பழம்' என்பதை 'பளம்' என்று எழுதியிருந்தால் அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், அது அவன் பேசுகிறபடி எழுதியது, நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் உச்சரிக்கிறோம். 'கப்பல்' என்பது 'கபல்' ஆகியிருந்தால், 'தங்கம்' என்பது 'தகம்' ஆகியிருந்தால், சொல்லுக்கு நடுவில் இருக்கும் மெய்யெழுத்து அவன் காதில் பிரிந்து விழவில்லை என்று அர்த்தம். 'பாடம்' 'படம்' ஆனால் நெடில் குறில். 'மேசை' 'மசே' ஆனால் கொம்பு எங்கே போட வேண்டும் என்பதில் சிக்கல். பத்து நாள் நோட்டைப் பார்த்தாலே எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தினமும் பத்துப் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் என்பதைவிட தினமும் கொஞ்சம் என்பது எவ்வளவோ மேல். 34 பேரில் அதே இடத்தில் தடுக்கும் பிள்ளைகள் இன்னும் மூன்று நாலு பேர் இருப்பார்கள், சேர்த்து உட்கார வையுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் காதுக்கு வேலை கொடுங்கள். "கப்பல், கைதட்டிச் சொல்லு, க-ப்-பல். நடுவில் என்ன கேட்டது?" அப்புறம் எழுத்து அட்டை, க் தனி, ஒ தனி, சேர்த்தால் கொ. அப்புறம் விரலால் மணலிலோ தவிட்டிலோ சொல்லிக்கொண்டே எழுதட்டும். இதைச் சில பயிற்சிகளில் வெளிநாட்டிலிருந்து வந்த 'பல புலன் முறை' என்று பவ்யமாகச் சொல்லித்தருகிறார்கள்; திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் ஆட்கள் வாயால் சொல்லிக்கொண்டே மணலில் எழுதியதைப் பார்த்துவிட்டு, சென்னையில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் தன் பள்ளியிலும் அதைப் புகுத்தி, 1797ல் லண்டனில் புத்தகமே போட்டார்.

இன்னொன்று. அவன் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறானா, படிக்கிறானா என்று பார்க்க வேண்டுமானால் படத்தை மூடிவிட்டுக் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பில் 'நன்றாகப் படிக்கிற' பிள்ளைகள் இரண்டு பேராவது அங்கே மாட்டுவார்கள்.

இதெல்லாம் செய்தால் உடனே சரியாகிவிடுமா? ஆகாது. கன்னட வழியில் படிக்கும் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் 2007ல் வெளியிட்ட ஆய்வு, நம்மைப் போன்ற உயிர்மெய் எழுத்து முறையில் எழுத்துகள் கைவர ஆங்கிலத்தைவிட அதிகக் காலம் ஆகிறது, தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறனும் மெதுவாகத்தான் வருகிறது என்று காட்டியது. சாதாரணப் பிள்ளைக்கே அப்படி என்றால் இவனுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும்தானே. மூன்று மாதம் இப்படி ஒழுங்காகச் செய்தும் நோட்டில் அதே தப்பு அப்படியே இருந்தால், அந்தத் தாளோடு வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். "பையன் மந்தம் சார்" என்று போவதற்கும் கையில் தாளோடு போவதற்கும் வித்தியாசம் உண்டு, அவரும் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆசிரியர்கள் 40 பேருக்கும் கற்றல் குறைபாடு பற்றிப் பயிற்சி நடத்த விரும்புகிறோம். யாரைக் கூப்பிடலாம், எத்தனை நாள் வேண்டும், சான்றிதழ் தருவார்களா?
தனியார் பள்ளி முதல்வர், கோவை

பதில்: சான்றிதழைக் கடைசியில் பார்க்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து இதே வேலையாக இருக்கிறார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நடத்துகிறார்கள். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனுடையோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. கோவையிலேயே இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (சிறப்புக் கல்வியாளர்களைப் பதிவு செய்யும் மத்திய அரசு அமைப்பு) பதிவு பெற்ற சிறப்புக் கல்வியாளர்கள் இருப்பார்கள், கூப்பிடும்போது பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தக் குழுமத்துக்கான 1992 சட்டப்படி பதிவு இல்லாமல் அந்தத் தொழில் செய்வது குற்றம், ஆகவே கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

யார் வந்தாலும் இரண்டு நாள் தொடர் முகாமாக வைக்காதீர்கள். அந்தக் காசையும் நேரத்தையும் உடைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை நாள், ஒரு பருவம் முழுக்க என்று வையுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையின் நோட்டோடு வரட்டும், கற்றுக்கொண்ட ஒன்றை வகுப்பில் செய்துபார்த்துவிட்டு அடுத்த முறை 'இது நடந்தது, இது நடக்கவில்லை' என்று சொல்லட்டும். நடுவில் பயிற்சி தருபவர் வந்து வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீங்களும் உட்கார வேண்டும் சார், இது முக்கியம். முதல்வர் வரவேற்புரை பேசிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டால், நாளைக்கு ஒரு டீச்சர் 'இந்தப் பையனுக்கு டிக்டேஷன் பாதி போதும்' என்று முடிவெடுத்தால் நீங்களே "அதெப்படி, மற்ற பெற்றோர் கேட்பார்களே" என்று அவரை நிறுத்துவீர்கள்.

பயிற்சி தருபவர் 'உங்கள் மாணவர் கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா, உடலால் கற்பவரா' என்று கேள்வித்தாள் கொடுத்துப் பிரிக்க ஆரம்பித்தால் ஜாக்கிரதை. 2008ல் ஹெரால்ட் பாஷ்லர் என்ற உளவியலாளரும் இன்னும் மூவரும் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இன்னும் நம்மூர்ப் பயிற்சிகளில் அது ஓடுகிறது. அதே மாதிரி, டீச்சர்களை இடது கையால் எழுதச் சொல்லி, கண்ணாடியில் பார்த்துப் படிக்கச் சொல்லி, 'இப்படித்தான் அந்தப் பிள்ளைக்கு இருக்கும்' என்று காட்டுவார்கள். பத்து நிமிடத்துக்கு நல்லது, சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். ஆனால் பரிதாபம் வந்துவிட்டால் பாடம் நடத்தத் தெரிந்துவிடுமா என்ன.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. பேச ஆரம்பித்ததே தாமதம். இப்போதும் 'அவன் வந்தாள்' என்கிறாள், 'அம்மா அடிச்சா' என்றால் அம்மாவை யார் அடித்தது, அம்மா யாரை அடித்தாள் என்று புரியாது. பள்ளியில் நடந்ததைக் கேட்டால் 'அது… அங்க… அவங்க' என்று நிற்கிறாள். டீச்சர் இது டிஸ்லெக்சியா, ஸ்பெஷல் டியூஷன் வையுங்கள் என்கிறார். வைக்கலாமா?
ஒரு தந்தை, மதுரை

பதில்: டியூஷனை நிறுத்தி வையுங்கள், முதலில் காது. நீங்கள் கூப்பிட்டால் திரும்புகிறாள் என்பது போதாது, முறையான கேட்புத் திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். பேச்சு தாமதமான எந்தப் பிள்ளைக்கும் இதுதான் முதல் படி.

காது நன்றாக இருந்தால், நீங்கள் சொல்வதைப் பார்க்கும்போது சிக்கல் எழுத்தில் மட்டும் இல்லை, பேச்சு மொழியிலேயே இருக்கிற மாதிரி தோன்றுகிறது. கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக்கூடாது, பேச்சு மொழி சிகிச்சையாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இப்படி ஒரு வகை உண்டு என்பதே நிறைய டீச்சர்களுக்குத் தெரியாது. வேறு எந்தக் காரணமும் இல்லாமல் தாய்மொழியே சரியாக வசப்படாத பிள்ளைகள். இவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதிலேயே பல காலம் குழப்பம், பிரிட்டனின் டோரத்தி பிஷப் தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் 2016, 2017ல்தான் 'மொழி வளர்ச்சிக் குறைபாடு' என்று ஒரு பெயருக்கு வந்தார்கள். அதே சமயம் இங்கிலாந்தில் செய்த ஒரு பெரிய கணக்கெடுப்பு, 30 பேர் இருக்கும் வகுப்பில் சராசரியாக இரண்டு பேருக்கு இது இருக்கலாம் என்றது. டிஸ்லெக்சியா அளவுக்கு இதற்குப் பெயர் கிடைக்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான், இந்தப் பிள்ளைகள் சத்தமே போடமாட்டார்கள். மூலையில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறதோ அதைப் பார்த்துச் செய்துவிடுவார்கள், டீச்சர் "அமைதியான பொண்ணு" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதிவிடுவார்.

நம் சட்டத்திலும் ஒரு சின்னத் தடுமாற்றம் இருக்கிறது. 2016 சட்டத்தில் 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' என்று தனியாக ஒரு வகை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், அது குரல்வளை அகற்றியவர்கள், மூளைப் பாதிப்பால் பேச்சிழந்தவர்கள் போன்றோரை மனத்தில் வைத்து எழுதியது. ஆனால் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகையின் விளக்கத்தில் 'பேச்சிலோ எழுத்திலோ மொழியைக் கையாள்வதில் குறை' என்று தெளிவாகவே இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பின்னால் தேவைப்பட்டால் அந்த வரி உதவும்.

இப்போதைக்கு, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கும், டிஇஐசி என்று கேளுங்கள். டீச்சரிடம் போய் இதை மட்டும் சொல்லுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருப்பது, அவள் 'நாய் ஓடு' என்றால் திருத்தாமல் 'ஆமா, நாய் வேகமா ஓடுது' என்று நிறைத்துச் சொல்வது. வீட்டிலும் இதே. யாராவது 'வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஒரே மொழியாக இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்' என்று அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறை வருவதில்லை, அம்மா அப்பாவுக்கு நன்றாக வரும் மொழியை நிறுத்தினால் பிள்ளைக்குக் கிடைக்கிற பேச்சுதான் குறையும்.

கேள்வி: எங்கள் பகுதியில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். தமிழ் வழியில் படிக்கத் திணறுகிறார்கள். மாணவர் விவரம் பதியும் செயலியில் இவர்களையும் கற்றல் குறைபாடு என்று பதிவு செய்யலாமா?
ஆசிரியர், ஓசூர்

பதில்: அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வீட்டில் தெலுங்கில் கதை சொல்கிறானா, தம்பியோடு சண்டை போடும்போது சரளமாகத் திட்டுகிறானா, கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானும் சரியாக வாங்கி வருகிறானா. ஆம் என்றால் அவனுக்கு வேண்டியது தமிழைப் புதுமொழியாகச் சொல்லித்தருவது, வேறெதுவும் இல்லை. குறைபாடு என்றால் அது வீட்டு மொழியிலும் தலைகாட்டும். இரண்டிலும் திணறினால் பதிவு செய்யுங்கள். செங்கல் சூளைப் பிள்ளைகள், வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள் விஷயத்திலும் இதே கேள்விதான், பயிற்சியில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினாலே எத்தனையோ தப்பான பெயர் சூட்டல் குறையும்.

கேள்வி: திக்கிப் பேசும் மாணவனை வகுப்பில் வாசிக்கச் சொல்லலாமா, விட்டுவிடலாமா?
தமிழாசிரியை, நாகப்பட்டினம்

பதில்: அவனையே தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போது பெரும்பாலானவர்களுக்குத் திக்கல் வெகுவாகக் குறையும், செய்யுள் வாசிக்க அது தோதான வழி. அவன் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், 'மெதுவாப் பேசுப்பா' என்றும் வேண்டாம்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் டிஸ்லெக்சியா சான்றிதழ் வாங்கி வந்தால் ஒரு மொழிப்பாடம் விலக்கு, ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள். உழைக்கிற மற்ற பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா?
உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம்

பதில்: சமூக அறிவியல் தேர்வில் நீங்கள் சோதிப்பது வரலாறு தெரியுமா என்பதையா, நிமிடத்துக்கு எத்தனை வரி படிக்கிறான் என்பதையா? வினாத்தாளைப் படித்து முடிக்கவே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் பையனுக்கு அந்தக் கூடுதல் நேரம் லாபம் இல்லை, ஈடு. பொய்ச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது போய்ச் சேர்கிறது என்பதும் உங்களுக்கே தெரியும்.

என் கவலை வேறு. பத்தாம் வகுப்பு அரையாண்டில்தான் பள்ளிக்கு ஞாபகம் வருகிறது. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலே எட்டு வயதிலிருந்து சான்றிதழ் தரலாம் என்றது. மூன்றாம் வகுப்பில் கண்டுபிடித்திருந்தால் அவன் இப்போது ஓரளவு படித்துக்கொண்டிருப்பான். அப்புறம், சான்றிதழ் தேர்வுச் சலுகைக்குத்தான். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் கையில் நகல் கொடுக்க, நாளைக்கு வாசிக்கப்போகும் பத்தியை இன்றே காட்டிவைக்க, விடையை வாயால் சொல்ல அனுமதிக்க எந்த டாக்டர் கையெழுத்தும் தேவையில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவே, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தல் முறையைக் கையாள்வது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது.

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உள்ளடக்கிய கல்வி பற்றி ஒரு தாள் இருக்கிறது, தேர்வுக்குப் படித்தாயிற்று. இது போதுமா? சிறப்புக் கல்வியில் தனிப் படிப்புப் படித்தால் வேலை கிடைக்குமா?
மாணவி, ஈரோடு

பதில்: போதாது, ஆனால் அந்தத் தாளைக் குறை சொல்லவில்லை. பயிற்சிக்காகப் பள்ளிக்கு அனுப்பும்போது பாடத்திட்ட நோட்டு எழுதுவதிலேயே எல்லா நேரத்தையும் செலவழிக்காமல், படிக்கத் திணறும் ஒரே ஒரு பிள்ளையோடு தினமும் மதிய இடைவேளையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், தருமபுரி டீச்சருக்கு மேலே எழுதியதைச் செய்துபாருங்கள். நேர்முகத் தேர்வில் பேச உங்களுக்கு உண்மையான விஷயம் கிடைக்கும்.

சிறப்புக் கல்வி பி.எட். படிப்பை மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த கல்லூரியில் மட்டும் படியுங்கள். வேலை விஷயத்தில், உச்ச நீதிமன்றம் 2021ல் தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதம் சொன்னது. விகிதம் காகிதத்தில் இருக்கிறது, பணியிடங்கள் மெதுவாகத்தான் வருகின்றன, பல மாநிலங்களில் தொகுப்பூதியம்தான். அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். தனியார் பள்ளிகளில் தேவை நிஜமாகவே கூடியிருக்கிறது.

கேள்வி: நிறக் கண்ணாடித் தாளை வைத்துப் படித்தால் டிஸ்லெக்சியா குணமாகும் என்று ஒரு மையத்தில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
இல்லத்தரசி, சேலம்

பதில்: கட்டாதீர்கள். டிஸ்லெக்சியா கண் நோய் இல்லை, எழுத்தையும் ஓசையையும் இணைப்பதில் வருகிற சிக்கல். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.